டோலக் போனது போகட்டும், பெயர் எங்கே போனது?

பிப்ரவரி 8, மாலை – பெரம்பூர் வாசகரின் கேள்வி

காசிமேட்டுப் பக்கத்துக் கானாப் பாடகர் ஒருவரைப் பள்ளி நாளிலிருந்து கேட்டு வருகிறேன். பெயர் வேண்டாம், வடசென்னைக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். சென்ற மாதம் வந்த அவருடைய புதிய பாட்டில் குரல் இயந்திரம் பேசுவதுபோல் இருக்கிறது. டோலக் இல்லை. முழுக்கக் காதல் தோல்வி. நண்பர்கள் இதை வளர்ச்சி என்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. கலைஞன் மாறக் கூடாதா, அல்லது நாம்தான் பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறோமா?

பிப்ரவரி 8, இரவு

யாரைச் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. நானும் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவரைத் தூற்றக் காத்திருப்பவர்களுக்கு இந்த இழை திண்ணையாகிவிடக் கூடாது.

புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு சவுண்டு சர்வீஸ் கடையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். குழாய் ஒலிபெருக்கி கட்டுவது, ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தூக்குவது, விடிய விடிய மைக் கூவாமல் பார்த்துக்கொள்வது. கல்யாணம், கோயில் கூழ் ஊற்றுதல், சாவு எல்லாவற்றுக்கும் போவோம். அவருக்கு மைக் வைத்த இரவுகள் நிறைய. அதனால் என் வயிறும் எரிகிறது. எரிச்சலுக்குக் காரணம் மட்டும் உங்களுடையது அல்ல.

சாவு வீட்டுக்கு வந்தவுடன் அவர் பந்தலுக்குள் போய் உட்கார மாட்டார். வீட்டுக்காரர்களில் அழுது ஓய்ந்த ஒருவரைத் தேடிப் பிடித்துத் தனியே கூட்டிப் போவார். இறந்தவர் என்ன வேலை பார்த்தார், எந்த விசைப்படகில் போனார், மூத்த பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறது, கடைசியாக என்ன சாப்பிடக் கேட்டார், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை. இவ்வளவும் கேட்பார். சிகரெட் அட்டையைப் பிரித்து உள்பக்கத்து வெள்ளையில் குறித்துக்கொள்வார். பிறகுதான் மைக்.

துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை பார்த்த ஒரு பெரியவரின் சாவு. காதில் பீடியைச் செருகி வைத்துக்கொண்டு, பற்றவைக்க மறந்து, அதைத் தேடி வீட்டையே புரட்டும் பழக்கம் அவருக்கு உண்டு. அது பாட்டில் வந்தது. அவருடைய மனைவி அழுகைக்கு நடுவே சிரித்தார். அடுத்த அடியில் தம்பியின் பெயர் வந்தது. சொத்துத் தகராறில் பல காலமாக வீட்டுப்படி மிதிக்காத தம்பி. தெருமுனைத் தேநீர்க் கடையோரம் நின்றுகொண்டிருந்தவர் குழாயில் தன் பெயரைக் கேட்டதும் நடந்து வந்தார். ஒருவரும் போய் அழைக்கவில்லை. நான் அந்தக் குழாயைக் கம்பத்தில் தெருமுனை நோக்கித் திருப்பிக் கட்டியிருந்தேன், பாடகர் சொல்லித்தான் அப்படிக் கட்டினேன்.

புதிய பாட்டை நானும் கேட்டேன். டோலக் இல்லாததைவிட எனக்கு உறைத்தது, அதில் ஓர் ஆள் பெயர் இல்லை, ஒரு தெரு இல்லை, ஒரு தொழில் இல்லை. அந்தச் சிகரெட் அட்டை இல்லை.

பிப்ரவரி 9, காலை

குரலைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. அது அவர் குரல்தான், வேறு ஆள் பாடவில்லை. ஆட்டோட்யூன் போட்டிருக்கிறார்கள். 1997-இல் சந்தைக்கு வந்த மென்பொருள். உருவாக்கிய ஆண்டி ஹில்டெப்ராண்ட் அதற்கு முன் எண்ணெய் நிறுவனங்களுக்காக நில அதிர்வு அலைகளை ஆராய்ந்த பொறியாளர். பாடகரின் சுருதி சற்று விலகினால் பக்கத்து ஸ்வரத்தின் மேல் தூக்கி வைப்பது இதன் வேலை. எவ்வளவு விரைவாகத் தூக்கி வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு அளவு உண்டு. நிதானமாக வைத்தால் கேட்பவருக்குத் தெரியாது. பூஜ்யத்துக்கு இறக்கினால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் பாதை முழுவதும் அறுந்து, படி படியாகத் தாவும். 1998-இல் ஷெர் பாடிய 'பிலீவ்' பாட்டுக்குப் பிறகு அந்தத் தாவலையே விரும்பிப் போட ஆரம்பித்தார்கள்.

கானாவுக்கு இது ஏன் ஒவ்வவில்லை? கானாவில் சேதி சொல்வதே அந்த வழுக்கல்தான். தாளம் சேர்வதற்கு முன் தொகையறாவாக இழுப்பார்களே, அங்கே அவர் ஒரு ஸ்வரத்தில் நிற்கவே மாட்டார். மேலே ஏறி, பாதியில் தொண்டை கரகரத்து, அப்படியே சரிந்து இறங்குவார். ஏறும்போது மைக்கைத் தானாகவே ஒரு சாண் தள்ளிப் பிடிப்பார், இறங்கும்போது உதட்டுக்குக் கொண்டுவருவார். ஆம்ப்ளிஃபயரில் நான் கைவைக்க வேண்டிய தேவையே இருக்காது. புதிய பாட்டில் அந்தச் சரிவு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு படிக்கட்டுகள் கேட்கின்றன.

பிப்ரவரி 9, இரவு

"சினிமா ஆசை வந்தால் இப்படித்தான்" என்று திருவொற்றியூர்க்காரர் ஒருவர் முடித்துவிட்டார். ஏற்க மாட்டேன்.

சினிமாவுக்குப் போனவர்கள் எல்லோரும் குரலை விற்றுவிடவில்லை. 2006-இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடிய வாளமீன் பாட்டைக் கேளுங்கள். திரையில் ஆடுகிறவரைவிடப் பாடுகிறவர்தான் மனதில் நிற்கிறார், அந்தக் குரலை யாரும் சீவவில்லை. 2012-இல் 'அட்டகத்தி' வந்தது. அதில் பாடிய கானா பாலா புளியந்தோப்புக்காரர், சட்டம் படித்தவர். சந்தோஷ் நாராயணன் அவரைச் சுற்றி எத்தனை வாத்தியங்களை அடுக்கினாலும் மூக்கிலிருந்து வரும் அந்த ஒலியைத் தொடவில்லை. இவர்களுக்கும் முன்னால், தொண்ணூறுகளில் தேவா தாமே பாடிய கானாக்களைப் பஸ்ஸிலும் தேநீர்க் கடையிலும் தமிழ்நாடே கேட்டது.

சினிமாவின் மேல் பழி போடுவது சுலபம். நம்மவர் இன்னும் சினிமாவில் பாடவே இல்லை. இது அவராகப் பணம் போட்டு, அவராக வெளியிட்ட பாட்டு.

பிப்ரவரி 11

டோலக் இல்லை, புல்புல்தாரா இல்லை, நம் மரபு போயிற்று என்று இரண்டு நாளாகப் பலர் எழுதுகிறீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. உட்கார்ந்து யோசித்ததில் இந்தப் புகார் நிற்காது என்று படுகிறது.

புல்புல்தாரா எங்கிருந்து வந்தது? தட்டச்சுப் பொறி மாதிரி கட்டைகளை அழுத்தித் தந்தியை மீட்டும் அந்தப் பெட்டி ஜப்பானில் நகோயா நகரத்தில் 1912-இல் பிறந்தது. மொரிதா கோரோ என்பவர் செய்தது, தைஷோகோட்டோ என்று பெயர். கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து, கவ்வாலி மேடை ஏறி, நம் சாவு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அதை வாசித்த முதல் ஆளைப் பார்த்து அன்றைக்கும் யாரோ ஒருவர் முகம் சுளித்திருப்பார்.

மைக் மட்டும் என்ன? எஸ்.ஜி. கிட்டப்பா காலத்து நாடக மேடையில் கடைசி வரிசைக்கு எட்ட வேண்டும் என்றால் உச்ச சுருதியில் பாடியாக வேண்டும். மைக் வந்த பிறகு தணிந்து பாடலாம் என்று ஆயிற்று. அதையும் சீரழிவு என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். சவுண்டு சர்வீஸில் சோறு தின்றவன் நான், கருவியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணினித் தாளம் போட்டுக்கொள்ளட்டும். கித்தார் வைத்துக்கொள்ளட்டும். ஆட்டோட்யூனைக்கூட அளவோடு வைத்தால் சகித்துக்கொள்வேன்.

எனவே பெரம்பூர் வாசகரின் பட்டியலில் முதல் இரண்டையும் நான் தள்ளுகிறேன். மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது.

பிப்ரவரி 12

கொருக்குப்பேட்டைக்காரர் சூடாக எழுதியிருக்கிறார்: "சாவுக்குச் சாவு பாடி அவர் குடும்பம் பட்டினி கிடக்க வேண்டும், நீங்கள் நெகிழ்ந்துபோய் வீட்டுக்குப் போக வேண்டும், அப்படித்தானே?"

நியாயமான அடி. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

அவர் பாடிய இரவே இன்று இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விதி வந்த புதிதில் எங்கள் பக்கம் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு மெல்ல மெல்ல இறுகியது. பத்து மணி அடித்தால் காவலர் வண்டி வந்து நிற்கும், ஒயரைப் பிடுங்கு என்பார்கள். மரண கானா சூடு பிடிப்பதே நள்ளிரவுக்குப் பிறகுதான். ஒப்பாரி வைத்த பெண்கள் அயர்ந்துவிடுவார்கள், சீட்டாடுகிறவர்கள் ஒரு மூலையில் இருப்பார்கள், பிணத்தோடு விழித்திருக்கப் பாட்டு வேண்டும். அந்த நேரத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது மாலை ஏழு மணிக் கச்சேரி. எங்கள் கடை சுருங்கியதும் அதனால்தான். தூங்க வேண்டிய குழந்தைகளும் நோயாளிகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. விதி சரியாகவே இருக்கட்டும், அதில் ஒரு கலையின் நேரம் போய்விட்டது என்பதும் உண்மை.

நேரம் மட்டும் போகவில்லை, ஆட்களும் போனார்கள். குடிசைகளை அகற்றி ஒரு பகுதியைக் கண்ணகி நகருக்கு அனுப்பினார்கள், இன்னொரு பகுதியைப் பெரும்பாக்கத்துக்கு. ஊரின் வட கோடியில் பிறந்தவன் தென்கோடி அடுக்குமாடியில் சாகிறான். பாட்டில் பெயர் சொன்னால் தெருமுனையிலிருந்து நடந்து வர அந்தத் தம்பி இப்போது அங்கே நிற்கவில்லை.

ஆக, கைப்பேசியை நம்பிப் போனதற்கு அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு இரண்டு பிள்ளைகள். சாவு வீட்டில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, டோலக்காரருக்கும் தாராக்காரருக்கும் பங்கு பிரித்து, மிச்சத்தை எண்ணாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவதை விடியற்காலையில் பார்த்திருக்கிறேன். ஆட்டோவுக்குப் போக என்ன மிஞ்சியிருக்கும்?

பிப்ரவரி 12, சற்று நேரம் கழித்து

பிழைப்பு ஏன் கைப்பேசிக்குப் போனது என்பதற்கு மேலே எழுதியது பதில். பாட்டிலிருந்து பெயர் ஏன் போனது என்பதற்குப் பதில் ஆகவில்லை.

பிப்ரவரி 15

இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே கூர்மையானது தண்டையார்பேட்டை ஆசிரியை ஒருவருடையது. "டி.எம். கிருஷ்ணா கச்சேரி மேடையை விட்டு எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து சென்னைப் பேச்சுத் தமிழில் பாடியபோது கைதட்டினீர்களே. அன்று அவருடைய பழைய ரசிகர்கள் பலர் இப்போது நீங்கள் புலம்புவதைப்போலத்தான் புலம்பினார்கள். அவர் மாறினால் புரட்சி, நம் ஆள் மாறினால் துரோகமா?"

இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன், ஆசிரியை அவர்களே.

2017 ஜனவரியில் வந்தது அந்தப் புறம்போக்குப் பாடல். எழுதியவர் கபேர் வாசுகி. அனல் மின் நிலையச் சாம்பல் கொட்டிக் கிடக்கும் இடத்திலேயே நின்று பாடிப் படம் பிடித்தார்கள். ராகமாலிகை, கர்நாடக இசையின் இலக்கணம் ஒன்றும் குறையவில்லை. ஆனால் அதுவரை அந்த இசை பேசாத ஓர் இடத்தின் பெயரை, அந்த இடத்து மொழியிலேயே சொன்னது. எண்ணூர்ப் பக்கம் மீன் பிடிக்கும் என் மாமன் மகன் அதைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு, இந்த ஐயருக்கு நம் கழிமுகம் எப்படித் தெரியும் என்று கேட்டான். பழைய ரசிகர் இழந்தது ஒன்று இருக்கலாம், பாட்டுக்கு ஓர் ஊர் கிடைத்தது.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தபோது கூட்டத்தில் நின்றேன். கித்தார், டிரம்ஸ், பறை, கானா எல்லாம் ஒரே மேடையில். ஒலியமைப்பைத்தான் என் காது முதலில் கவனித்தது, வழக்கம். அந்தக் குழுவில் பாடிய இசைவாணியை 2020-இல் பிபிசி 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. ஆண்களே பாடிக்கொண்டிருந்த கானாவில் ஒரு பெண் நிற்பதை மாற்றம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? அதற்கும் முணுமுணுத்தவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். நான் அவர்களோடு சண்டை போட்டேன். அந்த மேடையில் கானா யாருக்காக, எதற்காகப் பாடப்படுகிறது என்பது முன்னைவிட உரக்கக் கேட்டது.

இரண்டு இடத்திலும் பாணி தலைகீழாக மாறியது. ஊரும் ஆளும் பாட்டுக்குள் வந்தார்கள். நம்மவர் விஷயத்தில் பாணி மாறியபோது அவர்கள் வெளியே போனார்கள். அதனால்தான் அங்கே கைதட்டினேன், இங்கே தட்டவில்லை. உங்களுக்கு இது போதாது என்று தோன்றினால் மீண்டும் எழுதுங்கள்.

பிப்ரவரி 16

டோலக்காரர் என்ன ஆனார் என்று கேட்டவருக்கு: நலமாக இருக்கிறார். பகலில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார், ஞாயிறு காலையில் ராயபுரம் பக்கத்துச் சபை ஒன்றில் வாசிக்கிறார். அந்த இரவுகளில் கடற்காற்றில் டோலக்கின் தோல் தொய்ந்துவிடும், சத்தம் சொத்தென்று விழும். இரவில் இரண்டு முறையாவது பாட்டை நிறுத்தாமலே ஸ்பேனரை எடுத்து ஒரு கையால் போல்ட்டை முறுக்கிக்கொண்டு மறு கையால் தாளத்தை விடாமல் வைத்திருப்பார். அதைப் பார்ப்பதற்கென்றே பையன்கள் அவர் பக்கம் உட்காருவார்கள்.

இந்த இழையை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. புதிய பாட்டை அவர் கேட்கவில்லையாம், கேட்கவும் மாட்டாராம்.

பிப்ரவரி 17

"மரண கானாவே ஒப்பாரியின் மலிவான வடிவம்" என்று எழுதியவருக்கு. தண்டையார்பேட்டையில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களை ஒரு முறை வாசித்துவிட்டு வாருங்கள். உடம்பு நிலையில்லை, காசு கூடவே வராது என்று அவர் பாடியதையும் சித்தர்கள் பாடியதையும் பள்ளிக்கூடம் போகாத மனிதர்கள் நள்ளிரவில் மனப்பாடமாகப் பாடி நான் கேட்டிருக்கிறேன். மலிவு என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

பிப்ரவரி 20

அந்தப் பாடகரையே பார்த்துவிட்டேன். எம்.சி. ரோட்டில், பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வந்திருந்தார். ஒதுங்கி நின்று பேசினோம். இங்கே எழுதலாமா என்று கேட்டேன், பெயர் போடாமல் எழுது தம்பி என்றார்.

பெயர்களை எடுக்கச் சொன்னது ஒலிப்பதிவுக் கூடத்துக்காரராம். முதலில் எழுதிய பாட்டில் மூலக்கொத்தளம் இருந்திருக்கிறது, ஒரு வலைபின்னும் பெண்ணின் பெயர் இருந்திருக்கிறது. கோயம்புத்தூரில் இருப்பவனுக்கும் மலேசியாவில் இருப்பவனுக்கும் இது எப்படிப் புரியும், எல்லோரும் தன் கதை என்று நினைக்கிற மாதிரி எழுது என்றாராம். அண்ணனுக்கும் அது சரியென்று பட்டிருக்கிறது. சாவு வீட்டுப் பாடகன் என்றால் கல்யாணத்துக்கு அழைக்கத் தயங்குகிறார்கள், பெண்ணின் பள்ளியில் அப்பா என்ன தொழில் என்று கேட்டால் அவள் சொல்லாமல் நிற்கிறாள் என்றும் சொன்னார். இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த பாவாடைத் துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

இந்தக் கடைசிக் காரணம் எனக்குத் தெரியாது. வாய் அடைத்துவிட்டது.

கோயம்புத்தூர்க் காரணத்துக்கு மட்டும் அங்கேயே பதில் சொன்னேன். அண்ணா, ஐஸ் உடைக்கும் அந்தப் பெரியவரை எனக்கும் முன்பின் தெரியாது, நான் மைக் வைக்க வந்தவன். காதில் பீடியைச் செருகிவிட்டு வீடெல்லாம் தேடினார் என்று நீங்கள் பாடியதும் செத்துப்போன என் அப்பா நினைவுக்கு வந்துவிட்டார், என் அப்பா பீடியே தொட்டதில்லை என்றேன். பொதுவாக எழுதினால் எல்லோருக்கும் போகும் என்று யாரோ சொன்னதை நம்பாதீர்கள், உங்கள் ஆளைச் சரியாகச் சொன்னால் எவன் வீட்டுக்கும் போகும் என்றேன்.

யோசிக்கிறேன் என்றார். உடனே, அந்தப் பாட்டை எவ்வளவு பேர் கேட்டிருக்கிறார்கள் பார்த்தாயா என்றும் கேட்டார். பார்த்தேன் என்றேன். நிறையப் பேர்தான். அதில் அவருக்கு வரும் பணத்தில்தான் அந்தத் துணி.

பிப்ரவரி 21

பெரம்பூர் வாசகர் மறுபடி வந்து, சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள் என்கிறார். சொல்கிறேன். மாறலாம். மாறியதற்காக அவரை நான் கைவிடவில்லை. இந்தப் பாட்டு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, அதை அவரிடமே சொல்லிவிட்டேன், அடுத்த பாட்டையும் முதல் நாளே கேட்பேன். ரசிகன் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

அவருடைய பெண்ணைப் பற்றிய பேச்சு வேண்டாம். கேட்டு எழுதியவர்களுக்கு நான் பதில் போடவில்லை, போடவும் மாட்டேன்.

பிப்ரவரி 23

கடைசி விஷயம். பழைய இரவுகள் பதிவான கேசட் இரண்டு தன் வீட்டில் இருப்பதாகக் காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா சொல்லியிருக்கிறார். அம்மா, தயவுசெய்து அதை எந்தப் பெட்டியிலும் போட்டுப் பார்க்காதீர்கள். உப்புக்காற்றில் நாடா ஒட்டிக்கொண்டிருக்கும், போட்டவுடன் இழுத்து அறுத்துவிடும். நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுப் பட்டை உதிர்ந்திருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும், பூஞ்சை இருந்தால் துடைக்க வேண்டும், பிறகு கையாலேயே ஒரு முறை முழுக்கச் சுற்றிவிட வேண்டும். கணினியில் ஏற்றும்போது இரைச்சலை நீக்குகிறேன் என்று யாராவது வந்தால் தொடவிடாதீர்கள், பின்னால் கேட்கும் பேச்சும் இருமலும் சேர்ந்து போய்விடும். வேறு எந்த வீட்டில் கேசட் இருந்தாலும் இதே முறைதான். யார் சாவில் பதிவானது, எந்தத் தெரு, டோலக் யார், தாரா யார் என்று தெரிந்த அளவுக்கு ஒரு தாளில் எழுதிக் கேசட்டோடு சேர்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், டோலக்காரரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.